முசிறிக்கு இரண்டு பாடவேளைகள்

எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய அகநானூற்று 149ஆம் பாடலில், கிரேக்க, ரோமானிய வணிகரான யவனரின் கலங்கள் (கப்பல்கள்) சேரரின் பேரியாற்று வெண்ணுரை கலங்க, ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ முசிறி, இன்றைய கேரளக் கரையில் இருந்த துறைமுகம், வருகிறது. தமிழ்ப் பாடவேளையில் கறி என்றால் மிளகு என்று சொற்பொருள் எழுதிப்போடுகிறோம். அடுத்த பாடவேளையில் அதே பிள்ளைகளிடம், ரோமாபுரியோடு வணிகம் நடந்தது என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். இரண்டு வகுப்பிலும் பேசப்படுவது ஒரே துறைமுகம் என்பது பல பிள்ளைகளுக்குக் கடைசிவரை தெரிவதேயில்லை. சமூக அறிவியல் ஆசிரியனான எனக்கு இது நெடுநாள் மனக்குறை.

சென்ற ஆண்டு தமிழாசிரியையும் நானும் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து எடுத்தோம். ஒரு பிடி மிளகை மேசைமேல் கொட்டினேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி ஒரு மிளகைக் கடித்துப் பார்த்துவிட்டு, “இதுக்காகவா சார் அவ்வளவு தூரத்துலேர்ந்து பொன்னை ஏத்திட்டு வந்தாங்க?” என்று கேட்டாள். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை இந்தியா ஈர்த்துக்கொள்கிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி குறைப்பட்டு எழுதியதை அப்போது சொன்னேன். அந்தக் கேள்வி பிறக்காமல் அந்த எண்ணைச் சொல்லியிருந்தால், அது தேர்வோடு மறந்துபோகும் எண்ணாகவே இருந்திருக்கும்.

பிறகு புறநானூறு 343ஐ எடுத்தோம். கலம் தந்த பொன்னைக் கழித்தோணிகள் கரைசேர்ப்பதைப் பரணர் அதில் பாடுகிறார். கப்பலே ஏன் கரைக்கு வரவில்லை என்று பேசத் தொடங்கியதும் கடலும் கழியும் கரும்பலகைக்கு வந்துவிட்டன. தோணி தள்ளியவர்கள் யார் என்று ஒரு மாணவன் கேட்டான். பாடல் அவர்கள் பெயரைச் சொல்லவில்லை என்றோம். அதுவும் வரலாற்றுப் பாடம்தான்.

இங்கே ஆசிரியருக்குக் கவனம் வேண்டும். இரண்டு பாடல்களுமே வணிகத்தைப் பதிவு செய்ய எழுதப்பட்டவை அல்ல. ஒன்றில், எவ்வளவு பெரும்பொருள் கிடைத்தாலும் தலைவியைப் பிரிந்து வரமாட்டேன் என்று தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்கிறான். மற்றொன்றில், முசிறி போன்ற செல்வத்தைப் பணிந்து கொடுத்தாலும் தகுதியில்லாதவரை இப்பெண் மணக்கமாட்டாள் என்கிறார்கள். வேண்டாம் என்று ஒதுக்கும் செல்வத்துக்கே முசிறி அளவுகோலாக இருந்திருக்கிறது என்றால், அந்த ஊரின் பெயர் அன்றைய மனங்களில் எப்படிப் பதிந்திருக்க வேண்டும்! யார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார் என்று கேட்காமல், பாடலிலிருந்து ஒரு வரியை மட்டும் பிய்த்துச் சான்றாகக் காட்டுவது இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் ஒருசேரச் செய்யும் அநீதி.

இலக்கியத்தைப் பயன்படுத்துங்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னால் மட்டும் போதாது. பயிற்சி முகாம்களில் தமிழாசிரியரையும் சமூக அறிவியல் ஆசிரியரையும் தனித்தனி அறைகளில் உட்காரவைக்காமல், ஒரு பாடலையும் ஒரு நிலப்படத்தையும் அகழாய்வில் கிடைத்த ஒரு நாணயத்தின் படத்தையும் கொடுத்து ஒரே மேசையில் அமர்த்துங்கள். பருவத்துக்கு இரண்டு கூட்டுப் பாடவேளைகளைத் தலைமையாசிரியர்கள் கால அட்டவணையிலேயே ஒதுக்கித் தரவேண்டும். நாங்கள் எழுதிய பாடக்குறிப்பு நான்கு பக்கம் இருக்கிறது, வேண்டுவோருக்கு அனுப்பிவைக்கிறேன்.