கேட்டகரி ஏ-ன்னா சர்வே வேண்டாம்னு யாருங்க சொன்னது?

"சிஇ கேட்டகரி ஏ போட், ஆஃப்ஷோர் கியர் (ஆழ்கடல் பயணச் சாமான்) எல்லாம் இருக்கு, சர்வே வேஸ்ட், வாங்கிட்டு நேரா கடல் தாண்டிரலாம்"னு பழைய பாய்மரப் படகு வாங்குறதைப் பத்தி மேல ஒருத்தர் போட்டிருக்காரு. (சர்வேன்னா வாங்குறதுக்கு முன்னாடி நிபுணரை வச்சுப் படகைச் சோதிக்கிறது.) இது தப்புங்க, இதை நம்பி பணத்தைக் கொட்டிடாதீங்க.

சிஇ-ங்கிறது ஐரோப்பியத் தரக் குறியீடு, அதுல கேட்டகரி ஏ-ங்கிறது படகோட டிசைனைப் பத்தினது. காத்து பியூஃபோர்ட் அளவுகோல்ல (காத்து வேகத்தைச் சொல்றது) 8-ஐத் தாண்டினாலும், அலை 4 மீட்டருக்கு மேல போனாலும் சமாளிக்கிற மாதிரி கட்டுனதுன்னு அர்த்தம், அதுவும் புதுசா வித்தப்போ இருந்த நிலைமைக்கு. 20 வருஷம் கழிச்சு அந்த போட் எப்படி இருக்குன்னு அது சொல்லவே சொல்லாது.

முக்கியமா ரிக்கிங். பாய்மரத்தை இழுத்துப் பிடிச்சிருக்கிற ஸ்டெயின்லெஸ் கம்பி வெளிய பளபளன்னுதான் இருக்கும், ஆனா ஸ்வேஜ் ஃபிட்டிங் (கம்பி நுனியில அழுத்திப் பொருத்துற உலோகக் குழாய்) உள்ளயும், செயின்பிளேட் (கம்பியைப் படகோட சேர்த்துப் பிடிக்கிற உலோகப் பட்டை) டெக்குக்குள்ள, அதாவது மேல்தளத்துக்குள்ள, இறங்குற இடத்துலயும் உப்புத்தண்ணி நின்னு அரிச்சிருக்கும், அதனாலதான் 10-15 வருஷத்துல மாத்திடச் சொல்றாங்க, இன்சூரன்ஸ்காரங்க பலபேரு இதைக் கேப்பாங்க. ஹல்லை (படகோட உடலை) சோதிக்கிற சர்வேயர் நிறைய பேர் பாய்மரத்துல ஏற மாட்டாங்க, ரிக்கரை (ரிக்கிங் வேலை தெரிஞ்சவரை) தனியா கூப்பிடுங்க.

லைஃப் ராஃப்ட் (காத்தடைச்ச உயிர்காப்பு மிதவை) சர்வீஸ் தேதி, ஈபர்ப் (ஆபத்துல சேட்டிலைட் வழியா சிக்னல் அனுப்புற கருவி) பேட்டரி தேதி பாருங்க. ஈபர்பை உங்க பேருக்கு மாத்திப் பதிவு பண்ணலைன்னா ஆபத்துல நீங்க பட்டனை அமுக்குறப்போ மீட்புக்காரங்க ஃபோன் பழைய ஓனருக்குத்தான் போகும்.