சிலம்பத்துக்கு யாழ்ப்பாணத்தில் வரலாறு இல்லையா?

அண்மையில் ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டியில் பெடியள் சிலம்பம் சுற்றினார்கள். நல்லாய்த்தான் சுற்றினார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒலிவாங்கியில் அறிவிப்பாளர் வாசித்ததுதான் எனக்கு எரிச்சல். ஐயாயிரம் ஆண்டுப் பழமையாம், அகத்தியர் அருளியதாம், வெள்ளைக்காரன் தடை செய்ததாம். வட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே தாளில் இறக்கியிருக்கிறார்.

அகத்தியரை விடுவோம், அது நம்பிக்கை. தடைக் கதைக்கு வருவோம். கட்டபொம்மனை 1799இல் கயத்தாற்றில் தூக்கில் போட்டார்கள். மருது சகோதரர்களை 1801 ஒக்ரோபரில் திருப்பத்தூரில். அந்த டிசெம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் போட்டு, பாளையக்காரர் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தார். இதெல்லாம் உண்மை. ஆனால் நடந்தது அங்கே. யாழ்ப்பாணத்தை 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் பிடித்தது சரி. 1798இலிருந்து இங்கே ஆளுநர் நோர்த். 1802இல் இலங்கை தனிக் குடியேற்ற நாடாகிவிட்டது. கிளைவின் பிரகடனம் பாக்குநீரிணை தாண்டி வரவில்லை. அதுவும் போக, துவக்கையும் ஈட்டியையும் பறிக்கலாம், மாடு சாய்க்கிறவன் கையில் இருக்கிற தடியை யார் போய்ப் பறிப்பது?

மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் உரிய வரலாற்றை நாங்கள் இரவல் வாங்கிப் போட்டுக்கொள்கிறோம் என்பதுதான் என் குறை. எங்கட ஆட்களிடம் இருப்பதை ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு ஐயா இருக்கிறார். சீனடி என்கிற சண்டைக் கலையையும் சிலம்பத்தையும் 'சீனடி சிலம்படி' என்று சேர்த்துத்தான் சொல்லுவார். பழகப் போனால் முதலில் தடி தரமாட்டார். முற்றத்து மணலில் காலடி வைக்கச் சொல்லுவார்; முன்கால், பின்கால், திரும்பு. பிழைத்தால் அந்தத் தடத்தைத் தன் காலால் அழித்துவிட்டு, "திரும்ப வை" என்பார். தடி கைக்கு வந்த பிறகும் சுற்றுவதில் அவருக்கு அவ்வளவு ஆசையில்லை. எதிரே ஒருவனை நிறுத்தி, அவன் வீசுவதைத் தடுத்து, மேலில் தொட்டுக் காட்ட வேண்டும். இப்போது மேடைகளில் பார்ப்பது பெரும்பாலும் அலங்காரம். எதிராளியே இல்லாத சண்டை!

அறுபது, எழுபதுகளில் யாழ்ப்பாணத்து வின்சர், ராணி தியேட்டர்களில் எம்.ஜி.ஆர். கம்பு சுழற்றுவதைப் பார்த்துவிட்டு வந்து வேலித்தடி பிடுங்கியவர்கள் எத்தனை பேர். (நாவலப்பிட்டியில் பிறந்த மனுசன், அந்த உரிமையும் எங்களுக்கு உண்டு.) அப்புறம் யுத்தம். 1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, யாழ் நகரும் சுற்றியுள்ள ஊர்களுமாய் வலிகாமமே எழும்பி நடந்தபோது, பழக்கினவர் ஒரு பக்கம், பழகினவர் ஒரு பக்கம். திரும்பி வந்தபோது பலரின் முற்றமே காணாமல் போயிருந்தது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும், கேட்டால் முகம் சுழிப்பார்கள். எந்தக் கோயில் வீதியில் யாருக்குப் பழக்கினார்கள்? யாரைச் சேர்க்கவில்லை? 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலுக்குள் போவதற்கே போராட வேண்டியிருந்த மண் இது. தடி மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது என்றால் நம்பச் சொல்கிறீர்களா? 'வீரத்தமிழர்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இந்தக் கேள்வி எழாது, அதனால்தான் அது எல்லோருக்கும் பிடிக்கிறது.

தமிழ்நாட்டில் சிலம்பத்துக்கு அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு கிடைத்துவிட்டது. 2024 ஜனவரியில் அங்கே நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சிப் போட்டியாகவும் வைத்தார்கள். சந்தோசம். எங்கள் பிள்ளைகளும் யூடியூப்பில் அதைப் பார்த்துப் பழகட்டும். ஆனால் அந்த ஐயாவின் காலடி எந்தக் காணொளியிலும் இல்லை. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது.

இதைப் பகிர வேண்டாம். உங்கள் ஊரில் யார் பழக்கினது, என்ன மரத்தில் தடி, எவ்வளவு உயரம், எந்தத் திருவிழாவில் ஆடினது, யார் யாரைச் சேர்த்தது என்று தெரிந்தால் கீழே எழுதுங்கோ. அப்பு, ஆச்சி உயிரோடு இருந்தால் கேட்டு எழுதுங்கோ. அகத்தியரை மட்டும் கூட்டிக்கொண்டு வராதேங்கோ.