ஹங்குல் படித்தால் மட்டும் போதாது

"கொரிய எழுத்து ஒலிப்படியே அமைந்தது, ஹங்குல் என்னும் அந்த எழுத்து தெரிந்தால் காகோக் என்னும் கொரிய இசைப்பாடல்களை எழுதியபடியே பாடிவிடலாம்" என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். ஹங்குல் விரைவில் பழகிவிடும் என்பது உண்மைதான். எழுதியபடியே பாடிவிடலாம் என்பது தவறு. இதை நம்பிப் பாடிப் பழகினால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

கொரியத்தில் எழுத்துகள் சேரும்போது ஒலி மாறும். பூ 'கொத்', இலை 'இப்'. இரண்டும் சேர்ந்து பூவிதழ் என்றாகும்போது 'கொன்னிப்' என்றே பாட வேண்டும். எழுத்தில் அந்த னகரங்கள் இருக்காது. பொன்னும் குடமும் சேர்ந்தால் நாம் பொற்குடம் என்று மாற்றத்தை எழுதிவிடுகிறோம். அவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை, பாடுபவர்தான் அறிந்திருக்க வேண்டும். சொல்லிறுதி க், த், ப் ஒலிகளையும் காற்று வெடிக்காமல் அடைத்து நிறுத்த வேண்டும்.

தமிழில் எழுதிவைத்துப் பாடுவதும் வேண்டாம். நிலா, முகமூடி, மகள் மூன்றுமே நம் எழுத்தில் 'தல்' ஆகிவிடும். கொரியர்கள் மூச்சின் அளவாலும் தொண்டை இறுக்கத்தாலும் அவற்றைப் பிரிக்கிறார்கள். ஆசிரியரிடம் கேட்டுப் பழகுங்கள்.

ஓர் ஒலி மட்டும் நமக்கு எளிது: 'காது' என்பதன் ஈற்றில் இதழ் குவியாமல் வரும் குற்றியலுகரம், ஹங்குலில் ஒற்றைக் கிடைக்கோடாக எழுதும் உயிருக்கு மிக நெருக்கமானது.