அந்தப் பெண்ணைப் பேசி முடிக்க விட்டிருக்க வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை சேலத்துக் கூட்டத்தில் நடந்ததை வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள். வராதவர்கள் இரண்டு நாட்களாக இங்கே படித்திருப்பீர்கள். அன்று ஒரு வார்த்தை பேசாமல் கடைசி பஸ் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்கு வந்துவிட்டேன். பேசாமல் வந்தது என் தவறு. இன்றும் மனம் ஆறவில்லை.

கல்லூரியில் படிக்கும் பெண். கென்யாவில் 2007 டிசம்பர் 27 தேர்தலுக்குப் பின் நடந்த கொலைகளைப் பற்றியும், 2008 ஜனவரி 17 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தைப் பற்றியும் தாளைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. “கென்யாக்காரன் சண்டைக்கு ஐரோப்பாக்காரன் பஞ்சாயத்தா? அது வெறும் காகிதம், அம்மா” என்று சொல்லி ஒருங்கிணைப்பாளர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். கூட்டம் சிரித்தது.

வெறும் காகிதமா? அரசியல் தீர்வு வரும்வரை கென்ய அரசின் கருவூலத்துக்குப் போகும் உதவிப் பணத்தை நிறுத்தி வையுங்கள் என்று கேட்ட தீர்மானம் அது. வாக்கு எண்ணிக்கை நம்பும்படி இல்லை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பார்வையாளர்கள் அதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள். வெறும் அனுதாபம் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்கள் பணத்தைப் பற்றிப் பேசுவார்களா?

அந்த நாட்களில் நான் நைரோபியில் இருந்தேன். கணவருக்கு அங்கே கணக்கர் வேலை. பார்க்லண்ட்ஸ் பகுதியில் வாடகை வீடு. டிசம்பர் 30 மாலை முடிவை அறிவித்த சற்று நேரத்தில், இருட்டுவதற்குள் அவசர அவசரமாகக் கிபாகி மீண்டும் அதிபராகப் பதவியேற்றார். நேரடி ஒளிபரப்புக்குத் தடை வந்தது. கடைகளில் சோளமாவு கிடைக்கவில்லை, அலைபேசிக்குப் பணம் போடும் அட்டை கிடைக்கவில்லை. ஏற்காட்டில் அது காப்பிப் பழம் பறிக்கும் காலம். களத்தில் கொட்டையைக் காயப்போட்டுவிட்டு அப்பா தொலைபேசிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம்.

எங்கள் வீட்டுக் காவலரை ‘ம்ஸே’ என்றுதான் அழைப்போம். சுவாகிலியில் பெரியவர் என்று பொருள். கிபாகியின் கிகுயு இனத்தவர். எல்டோரெட் பக்கம் அவருடைய அக்கா இருந்தார். ஜனவரி 1 அன்று அந்த ஊருக்கு அருகே கியம்பாவில், அடைக்கலம் தேடிப் பெண்களும் குழந்தைகளும் ஒளிந்திருந்த தேவாலயத்துக்குத் தீ வைத்தார்கள். அக்கா உயிரோடு இருக்கிறாரா என்று பதினோரு நாள் அவருக்குத் தெரியாது. இருந்தார், வீடுதான் இல்லை. பிறகு ஒரு நாள், தீர்மானச் செய்தியை வானொலியில் கேட்டுவிட்டு வந்து, “எங்களைப் பற்றியா அவ்வளவு தூரத்தில் பேசினார்கள்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வானொலியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஞாயிறன்று கூட்டம் சிரித்தபோது எனக்கு அந்த முகம்தான் கண்ணில் வந்தது.

ஐரோப்பியருக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். எல்டோரெட் இருக்கும் பிளவுப் பள்ளத்தாக்கின் நிலச் சண்டைக்கு வேர், வெள்ளையர் பிடுங்கிக்கொண்ட மேட்டுநிலங்கள் என்பது எனக்கும் தெரியும். அதற்காக எரிந்த தேவாலயத்தைப் பார்த்து வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

தீர்மானத்தால் யார் பிழைத்தார்கள் என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். கிபாகியும் எதிர்க்கட்சித் தலைவர் ஒடிங்காவும் ஆட்சியைப் பகிர்ந்துகொண்ட பிப்ரவரி 28 உடன்பாடு, ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் பல வாரம் உட்கார்ந்து பேசிப் பேசிக் கொண்டுவந்தது. அந்தப் பெருமையை நான் வேறு யாருக்கும் தரவில்லை. ஆனால் அந்த வன்முறையை விசாரித்த வாக்கி ஆணையம் 1,133 பேர் இறந்ததாகக் கணக்கெடுத்தது. குற்றவாளிகளை விசாரிக்க உள்நாட்டிலேயே சிறப்பு நீதிமன்றம் அமையுங்கள் என்றும் சொன்னது. 2009 பிப்ரவரியில் கென்ய நாடாளுமன்றமே அந்த மசோதாவைத் தோற்கடித்தது! வழக்கு ஹேக் நகரத்துச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போய் அங்கேயும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது. சொந்த மன்றம் கைவிட்ட மனிதர்களுக்கு, இன்னொரு மன்றம் ‘இது நடந்தது, இது தவறு’ என்று எழுதி வைத்ததும் மிஞ்சக்கூடாதா?

நாம் தமிழர்கள். நம்மாலா இதைக் காகிதம் என்று சொல்ல முடிகிறது? இலங்கை மீது பொருளாதாரத் தடை வேண்டும் என்று 2011 ஜூனில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஈழத்தமிழரிடையே பொது வாக்கெடுப்பு வேண்டும் என்று 2013 மார்ச்சில் போட்டது. வெளியுறவு நம் சட்டமன்றத்தின் கையிலா இருக்கிறது? இல்லை என்று தெரிந்தேதான் கொண்டாடினோம். ஞாயிறன்று சிரித்தவர்களில் இருவர் 2013இல் எனக்கு லட்டு கொடுத்தவர்கள். வாங்கித் தின்றேன், கண்ணீரோடு தின்றேன். நம் மாவட்டத்து முகாம்களில் இன்றும் இருப்பவர்களிடம் போய், அது காகிதம்தான் என்று சொல்வீர்களா? நம் பிணத்துக்கு ஒரு நியாயம், கென்யாக்காரர் பிணத்துக்கு ஒரு நியாயமா? இதைக் கேட்க எனக்கு வலிக்கிறது. உங்களோடு இருபது வருடம் பழகியிருக்கிறேன்.

‘ஒரு சின்ன விஷயத்துக்கு இவ்வளவா’ என்று கருத்து எழுத வருகிறவர்கள் வேண்டாம், தயவுசெய்து எழுத வேண்டாம். அந்தப் பெண்ணுக்குப் பின்வரிசையில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அவளுக்கு முதல் இடம் கொடுங்கள், முழு நேரமும் கொடுங்கள். கொடுக்க மனமில்லை என்றால், அவளைத் தெரிந்தவர்கள் என் எண்ணை அவளிடம் சேர்த்துவிடுங்கள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு மலைக்கு வரட்டும். ஒண்டிக்கடை நிறுத்தத்தில் நான் காத்திருக்கிறேன். விட்ட இடத்திலிருந்து அவள் பேசட்டும், நான் கேட்கிறேன்.