கையெழுத்துப் போடத்தான் கூப்பிட்டீங்களா?

நம் வட்டார வளர்ச்சித் திட்டத்துக்காக சனிக்கிழமை மக்களைக் கூப்பிட்டு நடத்திய கூட்டத்தில் என்ன நடந்தது என்று மறுபடி முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. போன பதிவில் படங்கள் இருக்கின்றன, அதன் கீழே சண்டையும் இருக்கிறது. நான் 'கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்' என்று அங்கே ஒருத்தர் எழுதியிருப்பதால் இந்தப் பதிவு. ஆமாம், கோபித்துக்கொண்டுதான் போனேன். எதற்கு என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் எனக்கு வேலை மிச்சமாகியிருக்கும்.

வாசல் பேனரில் 'வட்டார வளர்ச்சிக்கான கூட்டுத் திட்டமிடல்' என்று இருந்தது. உள்ளே நுழைந்ததும் முதல் வேலை, வருகைத் தாளில் கையெழுத்து. அப்புறம் இரண்டு மணி நேரம் ஸ்லைடு. அது முடிந்ததும் மேசை மேல் வரைபடத்தை விரித்தார்கள். தொழிற்பூங்கா, இணைப்புச் சாலை, வெள்ள நீர் வடிகால் எல்லாம் வண்ணம் தீட்டி, பளபளவென்று லேமினேட் செய்யப்பட்டிருந்தன. 'உங்கள் கருத்துகளைக் குறிக்கலாம்' என்றார் திட்ட அறிக்கை தயாரிக்கும் கன்சல்டன்ட். லேமினேட் மேல் பால்பாயின்ட் பேனா எழுதாது. எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என் பேச்சு அவ்வளவுதான். கூப்பிடுவதென்றால் வரைபடத்தில் கோடு போடுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள். போட்ட பிறகு கூப்பிட்டால் அதற்குப் பெயர் அறிவிப்பு. அறிவிப்பதும் தப்பில்லை, அறிவிப்பு என்று பேனரில் போட்டுவிடுங்கள். டீ குடித்துவிட்டு சந்தோஷமாகவே போயிருப்பேன்.

இது எனக்குத் தோன்றிய புதுப் புகார் இல்லை. ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-லேயே மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து காட்டிவிட்டார். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் அதில் மூன்றாம், நான்காம் படிகள். முடிவெடுப்பதில் பங்கு இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டால் அது வெறும் ஒப்புக்குத்தான் என்பது அவர் கணக்கு. ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் நாம் நாலாவது படியில் நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

'எல்லாரையும் கேட்டால் ஒரு வேலையும் நடக்காது' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். நியாயமான பயம். அவருக்காக ஒரு கதை. நெதர்லாந்தில் ஆறுகளுக்கு இடம் விடும் திட்டத்தில் ஓவர்டீப்ஸ் போல்டர் என்ற தாழ்நிலத்தை வெள்ளம் புகும் பகுதியாக ஆக்கப் பார்த்தார்கள். அங்கே பதினேழு பண்ணைக் குடும்பங்கள். அவர்கள் வழக்குப் போட்டு இழுத்தடித்திருக்கலாம். மாறாக, தாங்களே உட்கார்ந்து ஒரு யோசனை கொண்டுவந்தார்கள்: ஆற்றோரக் கரையைத் தாழ்த்துங்கள், பின்பக்க அணையை ஒட்டி மண்மேடு கட்டி அதன்மேல் வீட்டையும் தொழுவத்தையும் வைத்துக்கொள்கிறோம். அரசு அதை எடுத்துக்கொண்டது. எட்டு மேடுகள் எழுந்தன. வெள்ளம் வந்தால் வயலில் தண்ணீர் நிற்கும், மாடு மேட்டில் நிற்கும். அந்த யோசனை எந்த ஸ்லைடிலிருந்தும் வரவில்லை. கோடு போடுவதற்கு முன்னால் அவர்கள் பேசினார்கள், கேட்க ஆள் இருந்தது.

உடனே 'பாதிக் குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போனார்களே' என்று வருவீர்கள். போனார்கள். வலி இல்லாமல் எதுவும் நடந்ததாக நான் சொல்லவில்லை. போவதா இருப்பதா என்ற பேச்சில் அவர்களுக்கும் இடம் இருந்தது என்றுதான் சொல்கிறேன். சரி, மேலே போவோம்.

இன்னொருத்தர், 'இதெல்லாம் வெள்ளத்துக்குச் சரி, வேலைவாய்ப்புக்கு முதலீட்டாளர்தான் வரவேண்டும்' என்கிறார். ஜெர்மனியின் ரூர் பகுதியைப் பாருங்கள். நிலக்கரியும் இரும்பும் படுத்த பிறகு எம்ஷர் ஆற்றை ஒட்டிய 17 நகராட்சிகள் 1989-லிருந்து பத்து வருஷம் சேர்ந்து வேலை பார்த்தன. ஒரே பெரிய வரைபடத்தை எல்லார் தலையிலும் கட்டாமல், நூற்றுக்கு மேற்பட்ட தனித்தனித் திட்டங்கள். டூயிஸ்பர்க்கில் 1985-ல் மூடிய இரும்பாலையை இடிக்கக் கூடாது என்று மக்கள் நின்றார்கள். இன்று அது பூங்கா, அதன் பழைய எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிப்புப் பயிற்சி நடக்கிறது. திறந்த சாக்கடையாக ஓடிய எம்ஷரில் 2021 கடைசியோடு கழிவுநீர் கலப்பது நின்றது. அங்கே வேலையின்மை ஒழிந்துவிட்டதா? இல்லை, இன்றும் ஜெர்மனியின் சராசரியை விட அதிகம்தான். ஆனால் தனித்தனியாக அடித்துக்கொண்டிருந்தால் அந்த ஆறு மட்டுமாவது திரும்பக் கிடைத்திருக்குமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

இப்போது ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன்தான். படிப்பு முடித்த புதிதில் இப்படி ஒரு அறிக்கை தயாரிக்கும் இடத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். கோடைக்காலத்து செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைபடம் போட்டேன். கூட்டத்தில் ஒரு பாட்டி, பேச்செல்லாம் முடியும் வரை பேசாமல் இருந்துவிட்டு, எழுந்து வந்து கைத்தடியை வரைபடத்தின் மேல் வைத்து இழுத்தார். 'இந்த வழியா மழைக்குத் தண்ணி போகும் சாமி, நீ கட்டடம் போட்டிருக்கே' என்றார். நான் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டேன். அறிக்கையில் 'பொதுமக்களின் கருத்துகள் பெறப்பட்டன' என்று ஒரு வரி எழுதினேன். கட்டடத்தை நகர்த்தவில்லை. வரைபடம் ஏற்கெனவே பிரிண்டுக்குப் போயிருந்தது.

அந்தக் கைத்தடி வரைபடத்தில் விட்ட மண் தடம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. என்னைத் 'தெரியாமல் பேசுகிறவர்' என்று எழுதியவருக்குச் சொல்கிறேன், தெரிந்ததால்தான் பேசுகிறேன். நீங்கள் எழுதப்போகும் அந்த ஒரு வரியை உங்களுக்கு முன்னாலேயே நான் எழுதியிருக்கிறேன்.

'நிபுணர்கள் எதற்கு இருக்கிறார்கள்?' இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நிபுணர் வேண்டாம் என்று யார் சொன்னது? வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்று நிபுணர் கணக்குப் போடட்டும். எந்த வீட்டில் படுக்கையிலேயே இருக்கிற பெரியவர் இருக்கிறார் என்பது பக்கத்து வீட்டுக்குத்தான் தெரியும். 1995-ல் ஜப்பானின் கோபே நகர நிலநடுக்கத்தில் இடிபாட்டிலிருந்து வெளியே எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை எடுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். அங்கே மானோ என்ற குடியிருப்பில் மக்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கொடுத்துத் தீ பரவாமல் தடுத்தார்கள். தொழிற்சாலை மாசை எதிர்த்து 1960-களிலிருந்தே கூடிப் பேசி, தங்கள் பகுதியின் திட்டத்தைத் தாங்களே போட்டுப் பழகியவர்கள் அவர்கள். தீப் பிடித்த அன்று கூட்டம் போட்டு அறிமுகம் செய்துகொள்ளவில்லை. கன்சல்டன்ட் சார், உங்கள் 96-ஆம் ஸ்லைடில் 'சமூக மீள்திறன்' என்று போட்டு, பக்கத்தில் கைகோத்த பொம்மைகளை வைத்திருந்தீர்களே, அது இதுதான். பொம்மை நன்றாகத்தான் இருந்தது.

ஸ்டிக்கி நோட்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சை என்றால் வாய்ப்பு, இளஞ்சிவப்பு என்றால் சிக்கல். நான் நாலு இளஞ்சிவப்பு ஒட்டினேன். ஃபேன் காற்றில் பாதி கீழே விழுந்துகொண்டே இருந்தன. மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க அரை மணி கழித்துத் திரும்பி வந்தபோது, துப்புரவு அக்கா எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டிருந்தார். 'வேணுமா தம்பி?' என்று கேட்டார். அன்று முழுக்க என்னிடம் யாராவது உண்மையாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

எனக்கு வலித்தது கன்சல்டன்ட் இல்லை, அவர் வேலையை அவர் பார்த்தார். பத்து வருஷமாக ஒன்றாகப் பல கூட்டங்களில் நின்ற அண்ணன் ஒருத்தர், 'இவனுக்கு எது வந்தாலும் எதிர்ப்புதான், வளர்ச்சி என்றாலே ஆகாது' என்று பொதுவில் எழுதினார். அண்ணே, எனக்கும் வேலை வேண்டும், சாலையும் வேண்டும். என் தங்கை மகன் படித்துவிட்டு வீட்டில்தான் இருக்கிறான், அது உங்களுக்கும் தெரியும். போன் பண்ணித் திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த கமெண்ட்டுக்கு நாற்பது லைக். அதில் பாதிப் பேர் சனிக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவர்கள்.

நேற்று இரவு வரைவு அறிக்கை வந்திருக்கிறது. பின்னிணைப்பில் நம் வருகைத் தாள் அப்படியே ஸ்கேன் செய்யப்பட்டிருக்கிறது, 'ஒப்புதல் தெரிவித்த பங்கேற்பாளர்கள்' என்ற தலைப்பில். 43-ஆவது கையெழுத்து என்னுடையது. அதை நீக்கச் சொல்லி காலையில் மெயில் அனுப்பினேன். 'கருத்து பெறப்பட்டது, நன்றி' என்று தானியங்கிப் பதில் வந்தது.