250 வருஷத்துக்கு முன்னால் இங்கே வெறும் காடுதானா?

சனிக்கிழமை அமெரிக்காவின் 250ஆவது ஆண்டு விழா மேடையில் பேசப்பட்ட அந்த வரியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். அதன் கீழே நான் போட்ட பின்னூட்டம் காணாமல் போனதையும் பார்த்தீர்கள். அப்புறம் வாட்ஸ்அப் குழுவில், "சிலருக்கு எதிலும் குறை கண்டுபிடிப்பதே வேலை" என்று ஒரு செய்தி. என் பெயர் இல்லை. ஆனால் யாரைச் சொல்கிறார்கள் என்பது குழுவில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

"இந்த நாட்டுக்கு வயசு 250. அதுக்கு முன்னாடி இங்க வெறும் காடு. நாமோ கீழடி கண்ட இனம்." அரங்கமே கைதட்டியது. கீழடியைப் பற்றி என்னோடு யாரும் சண்டைக்கு வர வேண்டாம், அதில் எனக்கும் அதே பெருமைதான். ஆனால் நம் பழமையைச் சொல்ல இன்னொரு இனத்தின் பழமையை ஏன் துடைத்துப் போட வேண்டும்? 250 வயது அமெரிக்கா என்கிற அரசுக்கு. மண்ணுக்கு இல்லை. மனிதர்களுக்கு இல்லை. நான் எழுதிய பின்னூட்டத்தில் இருந்தது இவ்வளவுதான்.

நியூ மெக்சிகோவில் வைட் சாண்ட்ஸ் என்ற இடத்தில் பழைய ஏரிக்கரைச் சேற்றில் மனிதக் காலடித் தடங்கள் கிடைத்திருக்கின்றன. 21,000 முதல் 23,000 வருஷம் பழையவை. பெரும்பாலும் சிறுவர்களும் வளரிளம் பிள்ளைகளும் நடந்த தடங்கள். செயின்ட் லூயிஸ் நகருக்கு எதிரே, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே கஹோக்கியா இருக்கிறது. கி.பி. 1100 வாக்கில் பத்தாயிரத்துக்கும் மேல் மக்கள் வாழ்ந்த நகரம். கூடை கூடையாக மண் சுமந்து எழுப்பிய மேடு 30 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. காட்டில் யார் கூடை சுமந்தார்கள்?

மாசசூசெட்ஸ் கடற்கரையில் இருக்கும் பிளிமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1620இல் மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்கள் வெட்டவெளியில் ஊர் அமைத்தார்கள் என்றுதான் நம் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம். அந்த வெட்டவெளிக்குப் பெயர் பட்டுக்ஸெட். வாம்பனோவாக் மக்களின் ஊர். ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோய் அதற்குச் சில வருஷங்கள் முன்புதான் ஊரையே காலி செய்திருந்தது. அந்த ஊர்க்காரர் டிஸ்க்வாண்டம் 1614இல் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவனால் கடத்தப்பட்டு ஸ்பெயினுக்குக் கொண்டுபோகப்பட்டவர். எப்படியோ லண்டன் போய், கப்பலேறி, 1619இல் ஊர் திரும்பினார். ஊரில் ஒருவரும் இல்லை. அந்த மனிதர்தான் வந்தவர்களுக்குச் சோளம் விதைக்கச் சொல்லிக்கொடுத்தார். காலியாக இருந்த இடம் அல்ல அது, காலியாக்கப்பட்ட இடம்.

நாங்கள் இருப்பது நியூயார்க் மாநிலத்தில், ரோச்செஸ்டர் பக்கம். செனக்கா மக்களின் நிலம். மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனக்கா என்று ஐந்து இனங்கள் சேர்ந்து கூட்டாட்சி கண்டவர்கள், ஹோடினசோனி. 1722இல் டஸ்கரோரா ஆறாவதாகச் சேர்ந்தது. தலைவர்களைத் தேர்ந்தெடுப்பதும், சரியில்லை என்றால் இறக்குவதும் குலத் தாய்மார்கள். அமெரிக்க அரசியல் சாசனம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது 1920இல். 1744இல் லங்காஸ்டரில் நடந்த பேச்சுவார்த்தையில் ஒனண்டாகா தலைவர் கனசடேகோ, எங்களைப் போல் நீங்களும் ஒன்றுபடுங்கள் என்று ஆங்கிலக் குடியேற்றங்களுக்குப் புத்தி சொன்னார். அதை அச்சடித்து விற்றவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அரசியல் சாசனமே அங்கிருந்துதான் வந்தது என்கிற அளவுக்கு நான் போகவில்லை, அதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே தகராறு. ஆனால் வெறும் காடு யாருக்கும் புத்தி சொல்லாது.

போன வருஷம் கடலூரிலிருந்து அம்மா வந்திருந்தபோது விக்டர் ஊரில் இருக்கும் கனோண்டகனுக்குப் போனோம். 1687இல் பிரெஞ்சுப் படையெடுப்பில் அழிந்த பெரிய செனக்கா ஊர் இருந்த இடம் அது. மரப்பட்டை வேய்ந்த நீள்வீடு ஒன்றைப் பழையபடி கட்டி வைத்திருக்கிறார்கள். நடுவில் வரிசையாக அடுப்புக்குழிகள், இருபக்கமும் படுக்கத் திண்ணை, மேலே சடையாகப் பின்னித் தொங்கும் வெள்ளைச் சோளம். வழிகாட்டிய செனக்கா பெண்மணி அந்தச் சோளத்தைச் சாம்பலோடு கொதிக்கவைத்து, கூடையில் அலசித் தோல் நீக்குவதைப் பற்றிச் சொன்னார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஒரு மணியை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "என்ன மரத்துச் சாம்பல்னு கேளுடி" என்றார். கேட்டேன். அந்தப் பெண்மணி முகம் மலர்ந்து, கடினமான மரத்துச் சாம்பல்தான் வேண்டும், எல்லாச் சாம்பலும் ஆகாது என்று விளக்க ஆரம்பித்தார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்து ஓய்ந்துபோனேன். ஏழாவது வரை படித்த அம்மாவுக்கு அங்கே ஒரு நாகரிகம் தெரிந்தது. முனைவர் பட்டத்தோடு மேடையேறியவருக்குக் காடு தெரிகிறது.

சரி, விழா நாளில் இழவு பேசலாமா என்கிறார்கள். வரலாற்றை மேடைக்குக் கொண்டுவந்தது நானா?

அடுத்தது, "அவங்களும் கொன்னாங்க, தலைத்தோல் உரிச்சாங்க" என்கிற வாதம். ஆமாம், கொன்றார்கள். அமெரிக்க சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த 1778 நவம்பரில், செர்ரி வேலி என்ற ஊரில் பிரிட்டிஷ் ஆதரவுப் படையும் செனக்கா வீரர்களும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது உண்மை. நான் மறைக்கவில்லை. ஆனால் அதைச் சொல்பவர்கள் அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும். 1755இல் மாசசூசெட்ஸ் அரசு பெனாப்ஸ்காட் என்ற பூர்வகுடி இனத்து ஆணின் தலைத்தோலுக்கு 40 பவுண்டு, பெண்ணுடையதற்கும் 12 வயதுக்குட்பட்ட சிறுவனுடையதற்கும் 20 பவுண்டு என்று விலை போட்டு அறிவித்தது. 1779இல் அமெரிக்கப் படை இந்த மக்களின் நிலத்தின் மேல் படையெடுத்தபோது, நியூடவுன் சண்டைக்குப் பிறகு, இறந்துகிடந்த இருவரின் தோலை இடுப்பிலிருந்து கீழே உரித்துக் காலுறை செய்துகொண்டதாக அமெரிக்கப் படையின் லெப்டினன்ட் வில்லியம் பார்ட்டன் தன் கையாலேயே நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஒரு ஜோடி மேஜருக்கு, ஒரு ஜோடி தனக்கு. காட்டுமிராண்டி என்ற பட்டத்தை யாருக்குக் கொடுப்பது? சுதந்திரப் பிரகடனத்தில் பூர்வகுடிகளை ஈவிரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று எழுதியிருக்கிறது. சனிக்கிழமை அதே பிரகடனத்தை எல்லாரும் எழுந்து நின்று வாசித்தோம். அந்த வரியைத் தாண்டிப் போனோம்.

அந்த 1779 படையெடுப்புக்கு ஆணையிட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன். மே 31 தேதியிட்ட கடிதம். தங்களை எதிர்த்து நின்ற ஹோடினசோனி இனங்களின் ஊர்களை முழுமையாக அழிக்க வேண்டும், வயது, ஆண், பெண் பார்க்காமல் முடிந்தவரை சிறைபிடிக்க வேண்டும். ஜெனரல் சல்லிவன் நாற்பது ஊர்களை எரித்தார். அறுவடைக்கு நின்ற சோளத்தை எரித்தார்கள். பழமரங்களை வெட்டினார்கள். சோளத்தின் உயரத்தையும் தோட்டங்களின் அழகையும் வியந்து எழுதிவிட்டு அதே வீரர்களே வெட்டினார்கள். காட்டில் ஏது தோட்டம்? தப்பியவர்கள் ஐயாயிரம் பேர் நயாகரா கோட்டையைச் சுற்றித் தஞ்சம் புகுந்தார்கள். கொடும்பனி அந்தக் குளிர்காலத்தில். பசியிலும் குளிரிலும் எத்தனையோ பேர் போனார்கள். 1790இல் செனக்கா தலைவர் கார்ன்பிளான்டர் வாஷிங்டனிடமே நேரில் சொன்னார்: உங்களை ஊரழித்தவர் என்று அழைத்தோம், அந்தப் பெயரைக் கேட்டால் இன்றும் எங்கள் பெண்கள் முகம் வெளுத்துத் திரும்பிப் பார்க்கிறார்கள், குழந்தைகள் தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள்.

இத்தனைக்கும் ஒனைடா மக்கள் வாஷிங்டன் பக்கம் நின்று போரிட்டவர்கள். 1777இல் ஒரிஸ்கனி சண்டையில் ரத்தம் சிந்தியவர்கள். போரை முடித்த 1783 பாரிஸ் உடன்படிக்கையில் பூர்வகுடிகளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நண்பர்களாக நின்றவர்களுக்கும் கிடையாது.

"இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். அண்ணா, நான் கடலூர்க்காரி. அமெரிக்கர்களோடு பிரான்ஸ் சேர்ந்ததால் அந்தப் போர் எங்கள் கடற்கரைக்கே வந்தது. 1783 ஜூனில் கடலூர்க் கோட்டையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள். உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் ஒரு பக்கம், ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸ் ஒரு பக்கம். ஐரோப்பாவில் சமாதான முன்னுடன்பாடு ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது. செய்தி வந்துசேரவில்லை. ஜூன் கடைசியில் செய்தி வருவதற்குள் நம் சிப்பாய்கள் இரண்டு பக்கமும் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் போரின் கடைசிச் சண்டை எங்கள் ஊரில் நடந்தது. அந்தச் சிப்பாய்களின் பெயர் யாருக்காவது தெரியுமா? 250 வருஷ விழாவில் யாராவது சொன்னீர்களா? பூர்வகுடியை விடுங்கள், நம்ம ஆளையே சொல்லவில்லையே!

கடைசியாக, "நீயும் அந்த நிலத்துலதானே வீடு வாங்கியிருக்கே" என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். வாங்கியிருக்கிறேன். இருபது வருஷம் உழைத்து, கடன் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? இந்த மண்ணில் சோறு தின்பதால்தான் சொல்கிறேன், யாருடைய மண் என்று தெரிந்துகொண்டு தின்போம். என் மகள் நான்காம் வகுப்பில் இதைப் படித்தாள். அட்டையில் நீள்வீடு செய்தாள். அன்று மேடைக்கு முன்னால் உட்கார்ந்து, "அம்மா, அங்கிள் தப்பா சொல்றார்" என்று என் கையை இழுத்தாள். பக்கத்து வரிசையில் திரும்பி உஷ் என்றார்கள். அதுதான் இன்னும் ஆறவில்லை எனக்கு. என் பின்னூட்டத்தை நீக்கியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சரியாகச் சொன்ன குழந்தையை அடக்கியதைப் பொறுக்க முடியவில்லை.

1794 நவம்பர் 11 அன்று கனன்டேகுவாவில் ஆறு இனங்களோடு அமெரிக்கா போட்ட உடன்படிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன்படி அமெரிக்க அரசு வருஷாவருஷம் அவர்களுக்குத் துணி அனுப்புகிறது. ஒவ்வொரு நவம்பர் 11ஆம் தேதியும் அதே ஊரில் கூடி நினைவுகூர்கிறார்கள், யார் வேண்டுமானாலும் போகலாம். நானும் மகளும் இந்த முறை போகிறோம். மேடையில் பேசியவரையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறேன், என் காரில் இடம் இருக்கிறது. பின்னூட்டத்தில் சொல்லுங்கள். இங்கே எதையும் நான் நீக்க மாட்டேன்.