அப்பா போனாலும் அவர் ஜூனியர்தான்

எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு 61 வயது. நாங்கள் அமெரிக்காவில் வட கரோலினாவின் சார்லட் நகருக்குக் குடிவந்த நாளிலிருந்து தெருவே அவரை ஜூனியர் என்றுதான் கூப்பிடுகிறது. போன மாதம் அவருடைய அப்பா தவறிவிட்டார். சர்ச்சில் எல்லாம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, உறவில் ஒரு பெரியவர் அவர் தோளில் கைவைத்து, "இனிமேல் நீ ஜூனியர் இல்லை, அதை எடுத்துவிடு" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். மனிதர் அதற்குப் பிறகு ஒரு வாய் சாப்பிடவில்லை.

பெரியவர் சொன்னது அமெரிக்காவின் பழைய வழக்கம்தான். ஒரே பெயரில் அப்பாவும் மகனும் இருக்கும்போது ஆள் தெரியத்தான் ஜூனியர். அப்பா போனதும் மகன் அதை விட்டுவிடுவார், 'மூன்றாவது' என்றிருந்த பேரன் ஜூனியராகிவிடுவான், ஆளுக்கு ஒரு படி மேலே. அம்மா இருந்தால் மருமகளோடு குழம்பாமலிருக்க கணவர் பெயரோடு சீனியர் சேர்த்துக்கொள்வார், பெண்களைக் கணவர் பெயரால் மட்டுமே குறித்த காலம் அது. கடிதமும் விசிட்டிங் கார்டுமாக இருந்தவரை சரி. இன்றைக்குப் பிறப்புச் சான்றிதழிலிருந்து வீட்டுப் பத்திரம் வரை அந்தப் பெயர் ஏறியிருக்கிறது. அதுவும் அப்பா இறந்த பிறகுதான், இரண்டு பேரின் கணக்குவழக்கும் ஒரே மேஜையில் கிடக்கும்போதுதான், எது யாருடையது என்று பிரிக்க அந்த ஜூனியர் ரொம்பத் தேவைப்படுகிறது.

சரி, காகிதத்தை விடுங்கள். அப்பா சாவில் மகனுக்கு என்ன பதவி உயர்வு?

கென்னடியின் இறுதி ஊர்வலம் நடந்த 1963 நவம்பர் 25 அன்றுதான் அவர் மகனுக்கு மூன்று வயது நிறைந்தது. 1999-ல் விமான விபத்தில் இறக்கும்வரை அவர் ஜான் எஃப். கென்னடி ஜூனியர்தான். எங்கள் கரோலினாப் பக்கம் கார்ப் பந்தயக்காரர் டேல் ஏர்ன்ஹார்ட் ஜூனியர். 2001 பிப்ரவரியில் டேடோனாவில் கடைசிச் சுற்றில் கார் மோதி அப்பா இறந்தார், அதே பந்தயத்தில் மகன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஜூலையில் அதே தடத்துக்குத் திரும்பி வந்து ஜெயித்தார். அவரிடம் போய் நீ இனி ஜூனியர் இல்லை என்று யார் சொல்வது? மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் நடந்தது இன்னும் கொடுமை. 1968-ல் மகனைச் சுட்டுவிட்டார்கள், அப்பா 1984 வரை இருந்தார். மகனை இழந்த பிறகும் அவர் சீனியர்தான்.

எடுத்துவிட நினைப்பவர் எடுக்கட்டும், அது அவர் இஷ்டம். வெளியாள் சொல்லக்கூடாது, அதுவும் சாவு வீட்டில்.

நம்மில் பெரும்பாலும் தாத்தா பெயர்தான் வைக்கிறோம், பேரன் என்பதே பெயரன்தானே. (மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்று அம்மா என் அண்ணனைக் கடைசிவரை "பெரியவனே" என்றுதான் கூப்பிட்டார்.) அப்பா இனிஷியலில் இருக்கிறார். என் அப்பா போய் ஒன்பது வருடம். தம்பி கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்ந்தது, எங்கள் இனிஷியலில் யாரும் கைவைக்கவில்லை.

இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வேலியோரம் நின்று சொன்னேன். என் பெயருக்கு முன்னால் இருக்கிற அந்த ஓரெழுத்து என் அப்பா என்றேன். அவர் அந்த எழுத்தை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவர் எழுதிய நன்றி அட்டை நேற்று வந்தது. கையெழுத்தில் ஜூனியர் இருக்கிறது.